கடலில் விழுந்த ஐந்து தேயிலை: ஒரு டீ மேக்கர் குடித்துப் பார்த்தது

போன மே மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பாஸ்டன் நகரத்துக் கடை ஒன்றில் இந்தத் தேயிலைப் பெட்டியை வாங்கினேன். தயாரித்த கம்பெனியின் பெயரை எழுதவில்லை. பிரிட்டன் போட்ட வரியை எதிர்த்து அமெரிக்கர்கள் 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய ஐந்து வகைத் தேயிலை என்று சொல்லி இதே போன்ற பெட்டிகளைப் பலர் விற்கிறார்கள். எதை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவையேதான். நான் வாங்கியதில் ஐந்து சின்னத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் 25 கிராம். கூடவே எட்டுப் பக்கக் கையேடு. விலை 42 டாலர். குன்னூரில் அந்தப் பணத்துக்கு இலையை உருட்டித் தயாரிக்கும் நல்ல ஆர்த்தடாக்ஸ் தேயிலை கிலோக் கணக்கில் கிடைக்கும். ஆனாலும் வாங்கியதில் வருத்தமில்லை.

நான் குன்னூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் 29 வருடம் டீ மேக்கராக இருந்தவன். பச்சை இலையை வாட விடுவது, உருட்டுவது, டிரையரில் உலர்த்துவது, மறுநாள் காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சித் துப்பிப் பார்ப்பது, இதுதான் வாழ்க்கை. அதே முறையில் இந்த ஐந்தையும் பார்த்தேன். மகள் வீட்டுச் சமையல் மேடையில் ஐந்து வெள்ளைக் கோப்பை. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம். ஆறு நிமிடம். பால், சர்க்கரை கிடையாது. பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அப்போது இதே பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. அவள் கையேட்டை வாசிக்க, நான் குடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் கொட்டப்பட்டது இந்தியத் தேயிலை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரைக் கேட்டதும் அப்படித் தோன்றுவது இயல்புதான். அத்தனையும் சீனத் தேயிலை. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்கள் வந்ததும், நீலகிரியில் அது வேர் பிடித்ததும் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். கம்பெனி சீனாவில் வாங்கி, லண்டன் கிடங்குகளில் வைத்திருந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிய சரக்கு அது.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

போஹீ. அன்றிரவு மூன்று கப்பல்களில் இருந்த 340 பெட்டிகளில் 240 இதுதான். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வூயீ மலையின் பெயர் திரிந்து போஹீ ஆனது. அந்தக் காலத்து போஹீ கொழுந்து முடிந்த பிறகு பறித்த, முற்றிய இலை கலந்த சாதாரணக் கறுப்புத் தேயிலை. அமெரிக்காவில் செருப்புத் தைப்பவர், கயிறு திரிப்பவர் வீட்டிலும் இருந்தது இதுதான். தேயிலை என்பதற்கே போஹீ என்று சொல்லும் அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

இந்த டப்பாவைத் திறந்ததும் புகை வாசம் முகத்தில் அடித்தது. இலை பெரிது, ஒழுங்கில்லாத முறுக்கு, காம்பு கொஞ்சம் உண்டு. அதில் குறை சொல்லமாட்டேன், போஹீ அப்படித்தான் இருந்திருக்கும். வடித்த நீர் அடர்ந்த செம்பழுப்பு. நாக்கில் கனம் உண்டு, துடிப்பு இல்லை. விறகடுப்பில் சூடேறிய பாத்திரத்தின் மணம் தொண்டை வரை நிற்கிறது. புகையைக் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றிவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. பழையது என்றால் புகை வாசம் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்ப்பதாக நினைத்துக் கலந்திருக்கலாம். இரண்டாம் முறை 4 நிமிடத்தில் வடித்தபோது சரியாக வந்தது. ஐந்தில் நான் மறுபடி மறுபடி குடித்தது இதைத்தான்.

இதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் பேத்தி நிறுத்தினாள். "தாத்தா, இதுல வரி போட்டதால டீ விலை ஏறிச்சு, அதனால ஜனங்க கோபப்பட்டாங்கன்னு போட்டிருக்கு. எங்க டீச்சர் விலை குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. எது சரி?"

டீச்சர் சொன்னதுதான் சரி. கையேட்டின் பெரிய குறையும் அதுதான், நான் இதை எழுதக் காரணமும் அதுதான். 1773 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட தேயிலைச் சட்டம் புதிதாக எந்த வரியையும் விதிக்கவில்லை. பிரிட்டனில் கட்டிய சுங்கத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தந்தது. லண்டன் ஏலத்தையும் இடையில் நின்ற வியாபாரிகளையும் ஒதுக்கிவிட்டு, கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றது. விலை இறங்கியது. நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் மக்கள் குடித்ததில் பெரும்பகுதி டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்த தேயிலை. அதோடு போட்டி போடும் அளவுக்குக் கம்பெனித் தேயிலை மலிவானது. ஒன்று மட்டும் அப்படியே நின்றது: 1767-ல் போட்ட, 1 ராத்தலுக்கு (சுமார் 450 கிராம்) 3 பென்ஸ் வரி. அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அமெரிக்கர்கள் தேயிலையை வாங்கமாட்டார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே உறுப்பினர் வில்லியம் டௌட்ஸ்வெல் எச்சரித்தார். பிரதமர் நார்த் கேட்கவில்லை.

"விலை குறைஞ்சா சந்தோஷம்தானே படணும்?" என்று அவள் அடுத்துக் கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்ன பதில் பாஸ்டன் கதை இல்லை, எங்கள் தொழிற்சாலை வாசலில் நடந்தது. மழைக்காலத்தில் கொழுந்து ஈரத்தோடு வரும். தராசில் நிற்கும் எடையில் தண்ணீருக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். முன்னாலேயே சொல்லி 10 சதவீதம் கழித்தால் சிறு விவசாயிகள் முணுமுணுத்தபடி ஒப்புக்கொள்வார்கள். ஒரு வருடம் நிர்வாகம் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் கழிவையும் கூட்டியது. கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, சில்லறை லாபம்கூட. ஆனால் நான்கு நாள் எந்த ஹட்டியிலிருந்தும் (மலைக் கிராமத்திலிருந்தும்) இலை வரவில்லை. ரோலர்கள் சும்மா நின்றன. ஐந்தாம் நாள் வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ரூபாய் கூட வேண்டாம் சார். எங்க இலைய எங்களக் கேக்காம குறைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" அவர் கோபப்பட்டது எடைக்காக இல்லை என்று அன்றைக்கு எனக்கு முழுதாகப் புரியவில்லை. பாஸ்டன் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்தக் கோபம் பத்து வருடம் வளர்ந்தது. லண்டன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. அந்தப் போரின் ஒரு பங்கு அமெரிக்க மண்ணில் நடந்தது. அங்கே தொடர்ந்து படை வைக்கச் செலவாகிறது, அங்கே இருப்பவர்களும் கொஞ்சம் தரட்டும் என்றார்கள். உள்ளூர் பிரிட்டிஷ்காரர் அமெரிக்கரைவிடப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. அந்த நாடாளுமன்றத்தில் குடியேற்றங்களின் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

1764-ல் சர்க்கரைச் சட்டம். வெல்லப்பாகுக்கு ஒரு கேலனுக்கு 6 பென்ஸாக இருந்த வரியை 3 பென்ஸாகக் குறைத்தார்கள். இங்கேயும் பாருங்கள், வரி பாதியானது, எதிர்ப்பு தொடங்கியது. பழைய 6 பென்ஸ் பெயருக்குத்தான் இருந்தது, அதிகாரிகளுக்கு எதையோ கொடுத்துச் சரக்கை இறக்கிவிடுவார்கள். புதிய 3 பென்ஸை உண்மையாகவே வசூலிக்கத் தொடங்கினார்கள்.

1765-ல் முத்திரைச் சட்டம். பத்திரம், உயில், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரைக்கும் முத்திரை வாங்கியாக வேண்டும். அதுவரை வரி என்பது துறைமுகத்தில் வியாபாரியின் தலைவலி. இப்போது அது வக்கீல், அச்சகக்காரர், சாராயக்கடைக்காரர், மாலுமி என்று எல்லோர் கைக்கும் வந்தது. பேசவும் எழுதவும் தெரிந்தவர்கள் மேலேயே கை வைத்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஒரு எல்ம் மரத்தில் தொங்கியது. பன்னிரண்டு நாள் கழித்து, துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டுக்குள் கூட்டம் புகுந்து சூறையாடியது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். ஒன்றோடு ஒன்று எல்லைச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஊர்கள் ஒரு வரிக்காக ஒரே அறையில் உட்கார்ந்தன. அடுத்த மார்ச்சில் சட்டம் வாபஸ். ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டம் வந்தது: எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று. வரியை விட்டுவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள்.

அந்த அதிகாரத்தில்தான் 1767-ல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஐந்துக்கும் வரி வந்தது. வசூலாகும் பணம் எதற்கு என்பதை இந்தக் கையேடு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கத்தான். அதுவரை மாசசூசெட்ஸ் ஆளுநரின் சம்பளத்தை உள்ளூர் சபை தீர்மானித்தது. தப்பு செய்தால் பிடித்து வைக்கலாம். சம்பளம் அரசரிடமிருந்து வந்துவிட்டால் ஆளுநர் யாருக்குப் பதில் சொல்வார்? மூன்று பென்ஸ் என்பது இந்த இடத்தில் தேயிலைக் கணக்கைத் தாண்டிவிடுகிறது.

மக்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதை நிறுத்தினார்கள். பெண்கள் கூடி நூல் நூற்றார்கள், ராஸ்பெரி இலையையும் காட்டுச் செடிகளையும் காய்ச்சிக் குடித்தார்கள். 1768-ல் பாஸ்டனுக்குப் படை வந்தது. 1770 மார்ச் 5 அன்று சிப்பாய்கள் கூட்டத்தில் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அதே நாளில், கடலுக்கு அந்தப் பக்கம் லண்டனில், நார்த் தேயிலை தவிர மற்ற நான்கு பொருள்களின் வரியை நீக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். செய்தி கப்பலில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும் காலம்.

சூச்சாங், காங்கூ இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அன்று கடலில் போனதில் சூச்சாங் 10 பெட்டி, காங்கூ 15 பெட்டி, இரண்டும் போஹீயைவிட உயர்ந்த கறுப்புத் தேயிலை. இந்தப் பெட்டியில் காங்கூ நன்றாக இருக்கிறது. மெல்லிய முறுக்கு, தெளிந்த செந்நிறம், லேசான இனிப்பு. சூச்சாங் போஹீயின் தம்பி மாதிரி, புகை இன்னும் கூடுதல். இரண்டும் ஒரே கலவையின் இரண்டு அளவுகளோ என்று சந்தேகம்.

சிங்லோதான் ஏமாற்றம். பச்சைத் தேயிலை, 60 பெட்டி போனது. இந்த டப்பாவில் இலை மஞ்சள் தட்டியிருந்தது. இரண்டு விரலால் நெரித்தால் பொடியாகவில்லை, வளைந்தது. ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். வடித்தால் வைக்கோல் மணம், பின்னால் ஒரு தட்டைக் கசப்பு. டப்பாவில் பேக்கிங் தேதி போடவில்லை. 42 டாலர் வாங்குகிறவர்கள் தேதி போட்டாக வேண்டும்.

பழைய சரக்கு என்றதும் எனக்கு லண்டன் கிடங்குகள் நினைவுக்கு வந்தன. 1773-ல் கம்பெனியின் கையில் விற்காமல் கிடந்த தேயிலை சுமார் 1.7 கோடி ராத்தல். அந்தக் கம்பெனி ஏன் அந்த நிலைக்கு வந்தது என்று கேட்டால் கதை நம் பக்கம் வருகிறது. 1769-ல் ஹைதர் அலி குதிரைப்படையோடு சென்னை வாசல் வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். அந்தச் செய்தி லண்டன் போனதும் பங்கு விலை சரிந்தது. அப்புறம் வங்காளத்தில் பஞ்சம். மக்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும்போதும் கம்பெனி நிலவரி வசூலை நிறுத்தவில்லை. 1772-ல் லண்டனில் கடன் நெருக்கடி வந்ததும் கம்பெனி அரசாங்கத்திடம் கையேந்தியது. 14 லட்சம் பவுண்ட் கடன் கிடைத்தது. கிடங்கில் கிடந்ததைத் தள்ளிவிட ஒரு சந்தை வேண்டும், அதற்குத்தான் அமெரிக்கா.

இதை அமெரிக்கர்கள் அறியாமல் இல்லை. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773 நவம்பரில் ரஸ்டிகஸ் என்ற புனைபெயரில் எழுதிய கடிதத்தில், ஆசியாவில் இந்தக் கம்பெனி நடந்துகொண்டதைப் பாருங்கள், அங்கே பஞ்சத்தில் செத்தவர்களைப் பாருங்கள், இப்போது கண் நம்மேல் விழுந்திருக்கிறது என்ற பொருளில் எச்சரித்தார். வங்காளத்து உழவனின் சாவு பிலடெல்பியாவில் ஒருவரை உலுக்கியிருக்கிறது. கையேட்டில் இது இல்லை. நம்மவர்கள் இந்தப் பெட்டியை வாங்கிக் குழந்தைகளோடு பிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஹைசன். 15 பெட்டிதான் போனது, வசதியானவர்களின் தேயிலை. வசந்தகாலக் கொழுந்தைப் பொறுமையாக முறுக்கிய பச்சைத் தேயிலை. இந்த டப்பா நன்றாக இருக்கிறது. கொதிநீர் ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு 3 நிமிடத்தில் வடியுங்கள். இளமஞ்சள், பச்சைப் பயறு வேகும்போது வரும் ஒரு மணம். ஐந்தில் இலை சுத்தமாக இருப்பது இதில்தான்.

இந்த உயர்ந்த சரக்கும் சாதாரண போஹீயும் ஒரே கையால் விற்கப்படவிருந்தன என்பதை யோசிக்க வேண்டும். கம்பெனி பாஸ்டனில் விற்பனைக்குத் தேர்ந்தெடுத்த சிலரில் இருவர், அப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்கள், தாமஸும் எலிஷாவும். மற்ற வியாபாரிகளுக்குக் கடையை மூடும் வேலை. இன்றைக்குத் தேயிலை, நாளைக்கு எது என்று பயந்தது கள்ளக்கடத்தல்காரர்கள் மட்டும் அல்ல, ஒழுங்காக வரி கட்டி விற்றவர்களும்தான்.

டார்ட்மத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. அப்புறம் எலினோர், பீவர். நான்காவதாக வர வேண்டிய வில்லியம், கேப் காட் அருகே தரை தட்டி உடைந்தது. வந்த 20 நாளுக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றி விற்கலாம். விற்றால் வரி கட்டியதாக ஆகிவிடும். பிலடெல்பியாவில் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். சார்ல்ஸ்டனில் இறக்கி நிலவறையில் பூட்டினார்கள். பாஸ்டனில் ஹட்சின்சன் திருப்பி அனுப்பவும் அனுமதி தரவில்லை.

கெடு முடியும் முந்தின நாள், டிசம்பர் 16. ஓல்ட் சவுத் கூட்ட மண்டபத்தில் சுமார் 5,000 பேர். நாங்கள் அந்த மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தோம். செங்கல் கட்டடம், இரண்டு அடுக்கு மாடம், பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அத்தனை பேர் குளிரில் ஈரத் துணியோடு நெருக்கியடித்து நின்றதை நினைத்துப் பார்த்தேன். டார்ட்மத் கப்பல்காரர் பிரான்சிஸ் ராட்ச் மில்டன் ஊருக்குப் போய் ஆளுநரிடம் கடைசியாகக் கேட்டுவிட்டு இருட்டிய பிறகு திரும்பினார். இல்லை என்ற பதிலோடு.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஒரு தொழிலாளியின் கண்ணால் பார்க்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், முகத்தில் கரி பூசி, மோஹாக் பழங்குடியினர்போல் போர்வை போர்த்தி, கிரிஃபின் துறைக்குப் போனார்கள். ஒரு போஹீப் பெட்டி என்றால் உள்ளே ஈயத்தகடு வைத்து அடித்த மரப்பெட்டி, 350 ராத்தலுக்கு மேல் எடை. அதைக் கப்பல் அறையிலிருந்து கப்பி போட்டு மேலே இழுத்து, கோடரியால் பிளந்து, இலையைக் கொட்டி, பெட்டியையும் எறிய வேண்டும். 340 பெட்டியை மூன்று மணி நேரத்தில் முடித்தார்கள். தொழில் தெரிந்த கைகள் இருந்திருக்கின்றன. வேறு எதையும் தொடவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கோட்டுப் பைக்குள் தேயிலையைத் திணித்த ஒருவனைப் பிடித்து அடித்து விரட்டினார்கள். நீர் வற்றியிருந்த நேரம், தேயிலை வைக்கோல்போர்போல் கப்பலோரம் குவிந்தது. காலையில் படகில் போய்த் துடுப்பால் அடித்து அமிழ்த்தினார்கள். மொத்தம் 92,000 ராத்தல், சுமார் 42,000 கிலோ. என் 2 கிராம் கணக்கில் 2 கோடிக் கோப்பைக்கு மேல். மதிப்பு 9,659 பவுண்ட்.

இரவும் பகலும் இலையைக் காப்பாற்றியே பழகியவனுக்கு அத்தனை தேயிலை உப்புநீரில் போனதை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பறித்த கைகள் எங்கோ சீன மலைகளில் இருந்தன. அவர்களைப் பற்றி இரு தரப்பிலும் யாரும் பேசவில்லை.

கையேட்டின் இன்னொரு மௌனமும் எனக்கு உறுத்தியது. தேயிலை வந்த அதே டார்ட்மத் கப்பலில்தான் பில்லிஸ் வீட்லியின் கவிதைப் புத்தகப் பிரதிகளும் பாஸ்டன் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கொண்டுவரப்பட்டு 1761-ல் இந்த ஊரில் விற்கப்பட்டவர் அவர். கேட்காமல் வரி போடுவது அடிமைத்தனம் என்று மேடையில் முழங்கிய பலரின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். தேயிலையில் போட்ட சர்க்கரையும் அடிமைகள் வெட்டிய கரும்புதான். எட்டுப் பக்கத்தில் கப்பலின் படத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியவர்கள் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

கோபம் புரட்சியானது லண்டன் கொடுத்த பதிலால். தேயிலைக்குப் பணம் கட்டும்வரை என்று 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். கொட்டியவர் நூற்றுச் சொச்சம் பேர், பட்டினி ஊர் முழுக்க. ஆளுநர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் கூட்டவும் தடை வந்தது. அதுவரை பாஸ்டன்காரர்கள் எல்லை மீறிவிட்டார்கள் என்று நினைத்த மற்ற குடியேற்றங்கள் நாளை நமக்கும் இதுதான் என்று உணர்ந்தன. தென் கரோலினா அரிசி அனுப்பியது, கனெக்டிகட்டிலிருந்து ஆட்டு மந்தை வந்தது. அந்த ஜூலையில் பயணக் களைப்போடு ஒரு விடுதியில், வரி கட்டாத கள்ளத் தேயிலையாக இருந்தால் ஒரு கோப்பை கிடைக்குமா என்று, பிற்பாடு அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் கேட்டாராம். தேயிலையையே விட்டுவிட்டோம், காபி போட்டுத் தருகிறேன் என்றாராம் விடுதி அம்மாள். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்தில், எங்கள் ஒப்புதல் இல்லாமல் எங்கள்மேல் வரி விதித்தார் என்பது அரசர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று.

1778-ல் நாடாளுமன்றம் அந்த 3 பென்ஸ் தேயிலை வரியை நீக்கியது. இனி வருவாய்க்காகக் குடியேற்றங்கள்மேல் வரி போடமாட்டோம் என்றும் சட்டம் செய்தது. அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். நாங்களும் ஐந்தாம் நாள் கழிவைப் பழையபடி குறைத்தோம், அப்போது இலை வந்தது. லண்டன் ஐந்து வருடம் தாமதித்தது, அதற்குள் அங்கே தனி நாடு பிறந்துவிட்டது. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், நாங்கள் பள்ளியில் நிரந்தர நிலவரித் திட்டம் என்று மனப்பாடம் செய்த அதே கார்ன்வாலிஸ்தான் என்று பேத்தியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. மகளைக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும், தேயிலையை உண்மையாகவே ரசிப்பவர்களுக்கும் இந்தப் பெட்டி தகும். தினமும் குடிக்க என்றால் வேண்டாம். டப்பாக்களின் மூடி இறுக்கமாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள், பச்சைத் தேயிலை இரண்டையும் முதலில் தீர்த்துவிடுங்கள். போஹீயில் பால் ஊற்றினாலும் தாங்கும். நம் ஊர் டீயின் நிறமும் கடுப்பும் எதிர்பார்க்காதீர்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று கையேட்டில் "விலை ஏறியது" என்று அச்சடித்ததற்கு, அரை சிங்லோவுக்கு.

பெட்டியைத் தயாரித்த கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பேத்தியும் ஆங்கிலத்தில் கீழே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தாள். இன்னும் பதில் வரவில்லை. மீதியிருந்த போஹீயில் 10 கிராம் குன்னூருக்குக் கொண்டுவந்தேன், பழைய தொழிற்சாலை ருசி பார்க்கும் அறையில் நாளை மறுநாள் வடித்துப் பார்க்கப்போகிறோம்.